பேர் வெட்டாத ஸ்பேனர்

மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், என்னைய டீச்சர்னு கூப்பிடாதீங்க. எங்க அப்பா, அம்மா, அக்கா, அத்தை எல்லாரும் மிஷன் பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் தூளைத் தின்னே காலத்தை ஓட்டுனவங்க. நான் ஒருத்திதான் பழைய ஜீப்புக்கு உதிரிப் பொருள் விக்கிற கடையில கல்லாவுல உக்காந்து கிரீஸைத் தின்னவ. குடும்பப் பாசத்துல ஊரு எனக்கும் டீச்சர்னு பேர் வச்சிருச்சு. என் பேரு ஸ்டெல்லா. அக்கான்னு கூப்பிடுங்க, போதும்.

இந்தத் தொழிலுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்கக்கான்னு கேட்டீங்க. "சின்னச் சின்னதா பத்து டிப்ஸ் போதும்"னு ஒரு தம்பி சொல்லுச்சு. டிப்ஸ் வேணும்னா ஓட்டல் சர்வரைக் கேளு ராசா. நான் ஒரே ஒரு சங்கதி சொல்றேன். கடையைப் பூட்டுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நடந்தது.

தொழில் என்னன்னு தெரியாதவங்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்துல ஜீப்பு கம்பெனியை விட்டு வெளிய வரும்போது அதோட ஒரு தார்ப்பாய்ப் பை வரும். உள்ள ஸ்டார்ட்டிங் ஹேண்டில், ஜாக்கி, வீல் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், டயர் லீவர், காத்தடிக்கிற பம்பு, கிரீஸ் கன்னு எல்லாம் இருக்கும். வண்டி எங்க நின்னாலும் டிரைவரே எறங்கிப் பார்த்துக்கறதுக்கு. இன்னைக்கு அந்த வண்டியை வச்சிருக்கவங்களுக்கு அந்தப் பையி முழுசா இருந்தாத்தான் ராத்தூக்கம் வரும். ஒரு ஸ்பேனர் கொறைஞ்சா வம்சமே நின்னுபோன மாதிரி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிப்பாய்ங்க.

ஆசைன்னு ஒண்ணு வந்துட்டா அதுக்குன்னு ஆளும் வந்துருவாய்ங்கள்ல? புது ஸ்பேனரைப் புளித்தண்ணியில ஊறப்போட்டு, உப்பைத் தடவி, சாணிக் குழியில பொதைச்சு எடுத்து, "எங்க தாத்தா காலத்து உருப்படிக்கா"ன்னு கொண்டு வருவாய்ங்க. ஒரு புண்ணியவான் பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவரையும் சேத்துப் பொதைச்சிருந்தான். "தாத்தா பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிச்சவராப்பா?"ன்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போனவன் திரும்பி வரவே இல்ல.

அழகர்கோவில் ரோட்டுல ஒரு தோப்புல பழைய ஜீப்புக் கண்காட்சி வைப்பாய்ங்க. டூல்ஸ் முழுசா வச்சிருக்க வண்டிக்குத் தனிப் பரிசு. கண்காட்சிக்கு முன்னாடியே டூல்ஸைப் பார்த்து, உண்மையான கம்பெனி உருப்படின்னா பச்சை ஸ்டிக்கர் ஒட்டுற வேலை எனக்கு. அந்த வருஷம் நான் யோசிக்காம ஒட்டுனது ஒரே ஒரு வண்டிக்குத்தான். அது பாண்டிச்செல்வியோட வண்டி.

பாண்டிச்செல்வி பரவை மார்க்கெட்டுக்கு அந்த ஜீப்புலதான் காய்கறி ஏத்துறா. மத்தவன் வண்டியெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்காந்திருக்கு, இவ வண்டி மட்டும் கத்திரிக்கா மூட்டை சுமக்குது. அவ அப்பா சோலைமலை ஒரு ஆஸ்பத்திரி ஜீப்புக்கு டிரைவரா இருந்தவரு. அவருக்கு மேல ரெண்டு தலைமொறை அடுத்தவன் வயல்ல கூலிக்கு நின்ன குடும்பம். ஆஸ்பத்திரி அந்த வண்டியைக் கழிச்சுக் கட்டுனப்ப இவரே வாங்கிட்டாரு, பையோட. தம்பி சரவணன் நாகமலை புதுக்கோட்டையில ஒரு ஷெட்டுல மெக்கானிக். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறிட்டான். போலீஸ் விசாரணை ஒண்ணுதான் பாக்கி. பேர்ல ஒரு கேஸ் இருந்தாலும் வேலை போச்சு, அம்புட்டுத்தான்.

பாண்டிச்செல்வி பச்சை ஸ்டிக்கரோட டூல்ஸைப் படம் எடுத்துக் கண்காட்சி வாட்ஸ்அப் குரூப்புல போட்டா. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுற பொம்மை போட்டாய்ங்க. ஒருத்தர் மட்டும் போடல. அவருதான் கான்ட்ராக்டர்.

இவரு ரோடு போடுறவரு. மழை பெஞ்சா அவரு போட்டது ரோடா வாய்க்காலான்னு அவருக்கே சந்தேகம் வந்துரும். அதை விடுங்க. அவங்கப்பா ரைஸ்மில் வச்சிருந்தப்ப ஓட்டுன ஜீப்பு ஷெட்டுல கெடந்துச்சு. திடீர்னு ஒருநாள் அப்பா மேல பாசம் பொங்கி, வண்டியைப் பெயின்ட் அடிக்கக் குடுத்தாரு, சரவணன் வேலை பார்க்குற அதே ஷெட்டுல. அதே சமயம் வீட்டையும் இடிச்சுக் கட்டி, உள்ளுக்குள்ள அலங்காரம் பண்றதுக்குன்னு சென்னையில இருந்து கொண்டை போட்ட ஒரு தம்பியை வரவச்சாரு. எல்லா அலப்பறையும் முடிஞ்சு பார்த்தா, அப்பாவோட டூல்ஸைக் காணோம். தேடித் தேடிச் சலிச்சுப்போயி இருந்தவரு கண்ணுல இந்தப் படம் பட்டுச்சு.

மறுநாள் காலையில எனக்குப் போன். பாண்டிச்செல்வி. எப்பயும் மார்க்கெட்டே அதுர்ற மாதிரிப் பேசுறவ, அன்னைக்குக் கொரலே எழும்பல.

"அக்கா, சரவணனை ஷெட்டு வாசல்ல வச்சுப் போலீஸ் வண்டியில ஏத்திக் கான்ட்ராக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாய்ங்கக்கா. தெருவே நின்னு பார்த்துச்சு. டூல்ஸையும் அள்ளிட்டுப் போயிட்டாய்ங்க. திருடன்னு சொல்றாய்ங்கக்கா."

"அழுகாதடி. இந்தா வாரேன்."

ஸ்டேஷனுக்குப் போயிருந்தா நாலு பேரு பார்ப்பாய்ங்க, பேப்பர்ல வந்துரும்னு, விசாரணையை வீட்டு ஹாலுக்கே வரவச்சிட்டாரு மனுசன். நான் போறப்ப எஸ்.ஐ. ஒரு சோபாவுல காபி குடிச்சுக்கிட்டு இருந்தாரு. எதுத்த பெரிய சோபாவுல கான்ட்ராக்டர். செருப்பு வைக்கிற ஸ்டாண்டு பக்கத்துல வெறுங்காலோட சரவணன். பக்கத்துல பாண்டிச்செல்வி, கையைக் கட்டிக்கிட்டு. நடுவுல டீப்பாய் மேல பேப்பரை விரிச்சு, அதுக்கு மேல சோலைமலையோட டூல்ஸ். டீப்பாய்க் கண்ணாடியில கறை பட்டுறக் கூடாதுல்ல.

"வாங்க டீச்சர். இந்த டூல்ஸை ஒரிஜினல்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமாண்ணே."

"ரொம்பச் சரி. ஒரிஜினல்தான். என்னோட ஒரிஜினல்."

சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. எஸ்.ஐ.யும் மரியாதைக்குச் சிரிச்சாரு.

"எங்கப்பா ஒவ்வொரு உருப்படியிலயும் பேர் வெட்டி வச்சிருந்தாரு டீச்சர். கல்யாணச் சீருக்குக் குடுக்குற குடம், அண்டாவுல புள்ளி புள்ளியா வெட்டுவாங்கள்ல, அந்த மாதிரி. பெ.வீ. ரைஸ்மில்னு. இந்தா பாருங்க, இந்த ஸ்பேனரைப் பாருங்க. நடுவுல எப்படி வழவழன்னு இருக்கு? பேரு இருந்த இடம். அரத்தைப் போட்டு ராவிட்டான் படவா."

"ராவுன மாதிரித்தான் இருக்கு"ன்னாரு எஸ்.ஐ., காபியை விட்டுக் கண்ணை எடுக்காம.

அரம் பட்ட இரும்பு வேற, கை பட்ட இரும்பு வேற. சோலைமலை ஆயுசு பூரா புடிச்ச எடம் அது, கை பட்டே தேஞ்சிருக்கு. எனக்குப் பார்த்த ஒடனே தெரியும். ஆனா ஸ்டிக்கர் ஒட்டுனவளே வந்து ஸ்டிக்கர் சரிதான்னு சொன்னா எவன் கேப்பான்? நீங்களும் இது மாதிரி ஒருநாள் நிப்பீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான், ஆனா அந்த ரூமுக்குள்ள அதுக்குச் சல்லிக்காசு மதிப்பு இருக்காது. அப்ப வாயைத் தொறந்து கொட்டிறாதீங்க. நான் கொட்டல.

எஸ்.ஐ. காபி டம்ளரைக் கீழ வச்சிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாரு. "தம்பி, நல்லாக் கேட்டுக்க. சார் எழுதிக் குடுத்தா நான் கேஸ் போட்டே ஆகணும். இல்லையா, டூல்ஸை இங்கயே விட்டுட்டு, சார்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரு. உனக்கும் வேலைக்கு விசாரணை வரப்போகுதுன்றாங்க. யோசிச்சுக்க."

சரவணன் தலையைத் தூக்கவே இல்ல. "விட்டுர்றேன் சார்"ன்னான்.

"டேய்!" பாண்டிச்செல்வி பாஞ்சு வந்தா. "விட்டா எடுத்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரிடா கூறுகெட்டவனே! அப்பாவைத் திருடன் ஆக்குறியா?"

"வேலை போயிரும்க்கா."

"போனாப் போகுது."

"உனக்கு ஈசிக்கா, சொல்லிட்டுப் போயிருவ" அப்படின்னு சொல்றப்பவே அவன் கொரல் ஒடைஞ்சு போச்சு.

எனக்கு அந்தப் பையன் மூஞ்சியப் பார்க்க முடியல. எங்கயாவது பார்ப்போம்னு கண்ணை மேல தூக்குனேன். கான்ட்ராக்டர் சோபாவுக்குப் பின்னாடி, செவத்துல ஒசக்க, பெரிய கண்ணாடி பிரேம். உள்ள கறுப்பு வெல்வெட்டு. அதுல வெள்ளி மாதிரிப் பளபளன்னு ஏதேதோ வச்சு அழகு பண்ணியிருந்துச்சு. சும்மா பார்த்துக்கிட்டு இருந்தேன். பார்க்கப் பார்க்க, ஆத்தி! நடுவுல வளைஞ்சு நிக்கிறது ஸ்டார்ட்டிங் ஹேண்டிலு. சுத்தி வீல் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், டயர் லீவர். ஓரத்துல கிரீஸ் கன்.

இந்த எடத்தைத்தான் நீங்க நல்லாக் கேக்கணும். விரலை நீட்டி "அந்தா இருக்கு"ன்னு அப்பயே கத்தியிருக்கலாம். கத்தியிருந்தா என்ன சொல்லியிருப்பாரு? "அது வேற, அலங்காரத்துக்குச் சென்னையில வாங்குனது"ன்னு ஒரே போடு. அப்புறம் நான் உளறுற கெழவி, சரவணன் திருடன். அதனால வாயை மூடிக்கிட்டு, மூஞ்சியப் பச்சைப்புள்ள மாதிரி வச்சுக்கிட்டேன்.

"அண்ணே, கேஸ்னு போனா எல்லாம் வெவரமா இருக்கணும்ல? உங்க டூல்ஸ் என்னென்ன, ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. சார் கேட்டுக்கட்டும்."

மனுசனுக்குச் சந்தோஷம் தாங்கல. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஹேண்டில்ல ஆரம்பிச்சாரு. பாண்டிச்செல்வி என்னைய மொறைச்ச மொறைப்புல நான் எரிஞ்சு சாம்பலாகியிருக்கணும். நானும் அவரு பக்கம் சேந்துட்டேன்னு நெனச்சிட்டா பாவம்.

"அப்புறம் டயர் லீவர் ரெண்டு. ஒண்ணு கம்பெனி குடுத்தது. அதோட சோடி தொலைஞ்சுபோயி, எங்கப்பா ஸ்பிரிங் பட்டையை ஒடைச்சுக் கொல்லுப் பட்டறையில குடுத்து இன்னொண்ணு அடிச்சாரு. அது கொஞ்சம் நீளமா இருக்கும். முனை அகப்பை மாதிரி வளைஞ்சிருக்கும்."

"இந்த டீப்பாய்ல அது எங்கண்ணே?"

"அதை மட்டும் ஒளிச்சு வச்சிருப்பான். கேளுங்க அவனை."

"அதை எங்க பார்த்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்ல?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் டீச்சர். எங்கப்பா கையால புடிச்சதுல்ல!"

அந்த அகப்பை முனை அவரு பொடனிக்கு மேல, நல்ல வெளக்கு வெளிச்சத்துல மின்னிக்கிட்டு இருந்துச்சு.

நான் அவருகிட்ட ஒண்ணும் சொல்லல. கேசரித் தட்டோட வந்த அவரு வீட்டம்மாகிட்டக் கேட்டேன். "செவத்துல மாட்டியிருக்கிறது ரொம்ப லட்சணமா இருக்கும்மா. எங்க வாங்குனீங்க?"

"வாங்கலக்கா." அந்தம்மாவுக்கு ஒரே பெருமை. "நம்ம பழைய கார் ஷெட்டை இடிக்கிறப்ப ஒரு பையில துருப்புடிச்ச இரும்பு கெடந்துச்சு. அந்த அலங்காரம் பண்ற தம்பி, 'எடைக்குப் போட்டுறாதீங்க மேடம்'னு எடுத்துட்டுப் போயி, குரோம் முலாம் பூசி இப்படி மாட்டிட்டாரு. வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க."

கான்ட்ராக்டர் மெதுவாத் திரும்பிப் பார்த்தாரு. டி.வி.யைப் பார்த்தே உக்காந்து பழகுனவரு, தலைக்கு மேல என்ன தொங்குதுன்னு அன்னைக்குத்தான் பார்க்குறாரு போல. ஆனா அம்புட்டு லேசுல விட்டுக்குடுத்துருவாரா?

"இது... இது வேறயா இருக்கும். பேரு எங்க? பேரு இல்லையே!"

"எறக்கிப் பார்த்துருவோம்ணே"ன்னேன். பேரு மட்டும் இல்லாமப் போச்சு, அந்தப் பையன் கதி அவ்வளவுதான்.

பிரேமைச் செவத்துல நட்டு போட்டு முறுக்கியிருந்தாய்ங்க. யாரு கழட்டுறது? எஸ்.ஐ. சரவணனைப் பார்த்தாரு. "தம்பி, நீ மெக்கானிக்தானப்பா?" சரவணன் டீப்பாய்ல இருந்து அவங்கப்பாவோட ஸ்பேனரை எடுத்தான். ராவுனதுன்னு சொன்னாரே, அதே ஸ்பேனர். சோபா மேல ஏறப் போனவன் காலைப் பார்த்துத் தயங்குனான். "ஏறுடா"ன்னா பாண்டிச்செல்வி. ஏறிக் கழட்டி எறக்குனான்.

கண்ணாடியைக் கழட்டி அந்த அகப்பை லீவரைத் திருப்புனேன். முதுகுப்பக்கம், குரோமுக்கு அடியில, புள்ளி புள்ளியா பெ.வீ. ரைஸ்மில். ஹேண்டில், வீல் ஸ்பேனர்னு எல்லாத்துக்கும் முதுகுல அதே பேரு. எழுத்து தெரிஞ்சா அழகு கெட்டுரும்னு கொண்டைக்காரத் தம்பி மொத்தத்தையும் குப்புறப் போட்டு மாட்டியிருக்கு.

கான்ட்ராக்டர் அந்த லீவரை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தாரு. கண்ணெல்லாம் கலங்கிருச்சு. சரி, மனுசனுக்கு ஒறைச்சிருச்சு, இப்ப அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு பார்த்தேன்.

"டீச்சர், குரோம் போட்டதுக்கு நீங்க பச்சை ஸ்டிக்கர் ஒட்ட மாட்டீங்கள்ல? மறுபடியும் அந்தப் பழைய துருவைக் கொண்டு வர முடியுமா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "துருவை நான் கொண்டாரேன். மொதல்ல அந்தப் பையனைப் பாருங்கண்ணே"ன்னு கத்திட்டேன். எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டாரு. கான்ட்ராக்டர் அப்பத்தான் சரவணன் பக்கம் திரும்புனாரு.

"தம்பி, ஏதோ தப்பா நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத. உக்காரு, கேசரி சாப்பிடு."

"கேசரி வேணாம்ணே"ன்னா பாண்டிச்செல்வி. "திருடன்னு தெருவுல வச்சுத்தானே ஏத்திட்டு வரச் சொன்னீங்க. இல்லைன்னும் தெருவுல வந்து சொல்லுங்க."

அவரு எஸ்.ஐ.யைப் பார்த்தாரு. எஸ்.ஐ.க்கும் அந்த எடத்தை விட்டுத் தப்பிச்சாப் போதும்னு இருந்துச்சு. "போயிச் சொல்லிட்டு வந்துருங்க சார், பெருசாக்க வேணாம்"னாரு. வந்தாரு. ஷெட்டு வாசல்ல, டீக்கடைக் கூட்டத்துக்கு முன்னாடி, வாய்க்குள்ளயே முணுமுணுத்தாரு. "கேக்கல, சத்தமா"ன்னா பாண்டிச்செல்வி. "இந்தத் தம்பி எடுக்கல"ன்னு சத்தமாச் சொல்ல வச்சுத்தான் விட்டா. கேஸ் இல்ல. விசாரணை நல்லபடியா முடிஞ்சு சரவணன் வேலையில சேந்துட்டான்.

இத்தோட முடிஞ்சதுன்னுதான் நெனச்சேன். ஒரு வாரம் கழிச்சு பாண்டிச்செல்வி என்னைய மாசி வீதியில ஒரு பாத்திரக்கடைக்குக் கூட்டிட்டுப் போனா. குடம், தூக்குவாளி எல்லாத்துக்கும் பேர் வெட்டுற ஆளு முன்னாடி அவங்கப்பா டூல்ஸ் பையை விரிச்சா.

"ஏய், என்னடி பண்ற? பேர் வெட்டுனா ஒரிஜினல் போச்சுடி. பச்சை ஸ்டிக்கரை நானே பிய்க்கணும். பரிசு கெடைக்காது."

"பிச்சுக்கங்கக்கா. பெரிய வீட்டுல பேரு இருந்தா அது அவங்கப்பா பேரு. எங்ககிட்டப் பேரு இல்லைன்னா, அது நாங்க ராவுனது. நாளைக்கு இன்னொருத்தன் வரமாட்டான்னு என்ன நிச்சயம்?"

நாப்பது வருஷம் ஒரிஜினல் ஒரிஜினல்னு பேசுனவ, நானே ஸ்பேனரை எடுத்து அந்த ஆளு கையில குடுத்தேன். பேர் வெட்டுறவரு, "இன்ஷியல் மட்டும் போதுமாம்மா? எடம் சின்னதா இருக்கு"ன்னாரு. "முழுப்பேரும் வெட்டுங்க. சோலைமலை, டிரைவர்"னா. அந்தத் தேஞ்ச எடத்துலயே வெட்டச் சொன்னா. ஸ்டிக்கரை நான்தான் பிச்சேன்.

கண்காட்சி நடந்துச்சு. ஸ்டிக்கரைப் பிச்ச கையோட நான் அந்தப் பொறுப்பை விட்டு வந்துட்டதால கூட்டத்தோட கூட்டமா நின்னு வேடிக்கை பார்த்தேன். கான்ட்ராக்டர் புதுசா ஒரு டூல்ஸ் செட்டு கொண்டாந்திருந்தாரு. பக்கத்துல போனாலே புளி வாடை. அதுக்குத்தான் மொதப் பரிசு. பாண்டிச்செல்வி செட்டைப் பார்த்த, தொழிலுக்குப் புதுசா வந்த நடுவர் தம்பி, "பேர் வெட்டியிருக்கு, ஒரிஜினல் இல்ல"ன்னு மார்க்கைக் கொறைச்சிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருச்சு. அந்தத் தம்பி யாருன்னு அதுக்கே தெரியும், இதைப் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்.

ஏன் தம்பி, அந்தப் பிள்ளை வண்டிக்குப் பக்கத்துலயேதான் நின்னுச்சு. ஏன் வெட்டுனீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்கும்ல.